ஒரு லீ குவான் யூ வந்தால் போதுமா?

அரசறிவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "எங்களைப் போன்ற வளர்முக நாடுகள் உருப்பட, சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ போல ஒரு தலைவர் வந்தால் போதாதா? நல்லாட்சி, பொறுப்புக்கூறல் என்பதெல்லாம் கடன் கொடுக்கிறவர்கள் சொல்லித் தந்த பாடம்தானே? அதிலும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் கையில் அதிகாரமே இல்லை. பிறகு இதற்கு நாங்கள் ஏன் தலையை உடைக்க வேண்டும்?"

இதே கேள்வியைப் பல வயதுக்காரர் வாயாலும் கேட்டிருக்கிறேன். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி வடக்கின் உள்ளூராட்சி வேலையோடு போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், தம்பி.

தலைவர் முக்கியம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தலைவரை எடைபோட நான் முதலில் பார்ப்பது அவருடைய கெட்டித்தனத்தையோ நேர்மையையோ அல்ல. "ஐயா, இதைச் செய்ய முடியாது, சட்டம் இடம் தராது" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆட்கள் பதவிகளில் இருக்கிறார்களா? அப்படிச் சொன்னவர் அடுத்த மாதமும் அதே கதிரையில் இருக்கிறாரா? நான் தேடுவது இதைத்தான். வளர்முக நாடுகளில் முன்னேறியவற்றையும் விழுந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேறு எதையும்விட இந்த ஒரு விஷயம்தான் அவற்றைப் பிரிக்கிறது என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் இருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் அரசியல் பேசினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். அதற்கு ஒரு சொந்தமும் உண்டு: அந்த நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சர் எஸ். இராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். ஆனால் நாங்கள் சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது லீயின் கண்டிப்பைத்தான் சொல்கிறோம், அவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட இடங்களைச் சொல்வதில்லை. அங்குள்ள ஊழல் விசாரணைப் பணியகத்தை 1952இலேயே பிரித்தானியர் தொடங்கிவிட்டார்கள். 1959இல் ஆட்சிக்கு வந்த லீயின் கட்சி, அதைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களால் புதிதாக ஒன்றை நிரப்பவில்லை. 1960இல் ஒரு புதிய ஊழல் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து அதே பணியகத்துக்குப் பல் கொடுத்தது. ஒருவரின் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தை நீதிமன்றத்தில் துணைச் சான்றாகக் காட்டலாம் என்றது அந்தச் சட்டம்.

அந்தப் பல் சொந்த வீட்டுக்குள்ளும் கடித்தது. 1986இல் தேசிய அபிவிருத்தி அமைச்சராக இருந்தவர் தே சியாங் வான். அரசாங்கம் கட்டிய வீடுகளின் பெரும் வேலைகளில் பங்கெடுத்தவர், லீக்கு நெருக்கமானவர். இரண்டு தடவை தலா 4 இலட்சம் சிங்கப்பூர் டொலர் வாங்கினார் என்று அவர்மீது விசாரணை வந்தது. லீயைச் சந்திக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, விசாரணை முடியும் வரை சந்திக்க முடியாது என்று லீ மறுத்துவிட்டார். அந்த டிசெம்பரில் தே உயிரை மாய்த்துக்கொண்டார். துயரமான சம்பவம்தான். ஆனால் ஒரு பிரதமர் தன் அமைச்சருக்காகப் பணியகத்துக்குத் தொலைபேசி எடுக்கவில்லை என்பது அந்த நாட்டில் எத்தனை ஆயிரம் உத்தியோகத்தருக்குத் தைரியம் கொடுத்திருக்கும் என்று யோசியுங்கள். 1991இல் இன்னொரு படியும் ஏறினார்கள். பிரதமர் ஒரு விசாரணைக்கு அனுமதி மறுத்தால், பணியகத்தின் பணிப்பாளர் ஜனாதிபதியின் சம்மதத்தோடு அதைத் தொடரலாம் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். லீ 2015இல் இறந்தார். 2024இல் அதே நாட்டில் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். தலைவர் போன பிறகும் அவர் காலத்து ஒழுங்கு வேலை செய்தது.

இதைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தை மறைப்பது நேர்மை ஆகாது. அதே லீயின் ஆட்சியில்தான் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ 1966இல் கைதுசெய்யப்பட்டு, வழக்கு விசாரணையே இல்லாமல் 23 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். விடுதலையான பிறகும் ஒரு சின்னத் தீவை விட்டு வெளியே போக அவருக்கு அனுமதி இருக்கவில்லை. எங்கள் நாட்டில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடித் தடுப்பு முகாம் வாசல்களில் நின்றவர்கள் நாங்கள். "கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிற ஆள் வேண்டும்" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. அந்த இறுக்கம் யார் கழுத்தில் விழும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. இறுக்கிப் பிடித்த தலைவர்களில் லீ போல நாட்டை உயர்த்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிம்பாப்வேயில் றொபேட் முகாபே 1980இல் வந்தபோது உலகமே நம்பியது. முதல் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் பெருகின. அவர் போனது 2017இல், இராணுவம் தலையிட்ட பிறகு. இடையில் 2008இல் பணவீக்கம் அந்த நாட்டின் நாணயத்தையே பெறுமதியற்ற தாளாக்கியது. ஆரம்பத்தில் முகாபேயையும் லீயையும் பக்கத்தில் நிறுத்தி, இவர் தேறுவார், அவர் தேறமாட்டார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நல்லவர் வருவார் என்று காத்திருப்பது சீட்டுக் குலுக்கல்.

எங்களுக்குப் பொருத்தமான பாடம் பொட்ஸ்வானாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1966இல் சுதந்திரம் கிடைத்தபோது அது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. கடல் இல்லை. கடும் வரட்சி. அரசாங்கச் செலவுக்கே பிரித்தானியாவின் கொடை தேவைப்பட்டது. பக்கத்தில் இனவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்கா. முதல் ஜனாதிபதி செரெட்சே காமா, பமங்வாட்டோ என்ற பெரிய குலத்தின் வாரிசு. வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார் என்பதற்காகப் பிரித்தானியர் அவரை ஆண்டுக்கணக்கில் நாட்டுக்குள் விடவில்லை. தலைமைப் பட்டத்துக்கான உரிமையைக் கைவிட்ட பிறகுதான் 1956இல் ஊர் திரும்ப முடிந்தது.

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1967இல், ஓராபா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது இருந்தது அவருடைய குலத்தின் நிலத்தில். ஆபிரிக்காவில் எத்தனை நாடுகள் இந்த இடத்தில் உடைந்து போயின என்று நினைத்துப் பாருங்கள்: வளம் ஒரு பகுதியில், ஆட்சி இன்னொருவர் கையில், பிறகு துப்பாக்கி. காமாவின் அரசு அதே ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. எந்தக் குலத்தின் நிலத்தில் கிடைத்தாலும் கனிய வளம் முழு நாட்டுக்கும் சொந்தம். அந்தச் சட்டத்தால் அதிகம் இழக்கக்கூடியவர்கள் அவருடைய சொந்த ஆட்களே. அதனால்தான் மற்றக் குலங்கள் நம்பின. அதன் பிறகு வைரத்தில் அரசின் பங்கை 50 வீதமாக உயர்த்தினார்கள். வந்த பணம் பாடசாலைக்கும் வீதிக்கும் போனது. உள்ளூர் ஆட்கள் பயிற்சி பெறும் வரை வெளிநாட்டு உத்தியோகத்தரை அவசரமாக வெளியேற்றவில்லை. அதற்காகத் திட்டு வாங்கினார்கள், ஆனாலும் அசையவில்லை.

காமா 1980இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்து வந்த மசீரே 1998இல் தானாக ஒதுங்கினார். ஜனாதிபதிக்குப் பத்து ஆண்டு எல்லை என்ற விதியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. கலஹாரிப் பாலைவனத்தில் இருந்து சான் மக்களை அரசு வெளியேற்றியது அந்த நாட்டின் பெரிய களங்கம். 2006இல் அவர்களுடைய சொந்த நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 ஒக்டோபரில், 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி தேர்தலில் படுதோல்வி அடைந்தது. வைர விற்பனை சரிந்து, இளையோருக்கு வேலை இல்லாமல் போனதுதான் முக்கிய காரணம். ஜனாதிபதி மசிசி முழு முடிவும் வருமுன்னரே தோல்வியை ஏற்றுப் பதவியை ஒப்படைத்தார். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு வளர்முக நாட்டில் தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2024ஆம் ஆண்டுத் தோல்வியையும் சேர்த்துக் காட்டுவேன்.

இனி எங்கள் நாடு. 1948இல் வாக்குரிமையிலும் கல்வியிலும் சிங்கப்பூரைவிட, பொட்ஸ்வானாவைவிட முன்னால் நின்றோம். 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது. 1945இல் இருந்து இலவசக் கல்வி. அரச சேவைக்கு ஆட்களை எடுக்கவும் இடமாற்றவும் சுதந்திரமான ஓர் ஆணைக்குழு இருந்தது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அந்த வேலையை அமைச்சரவையிடம் கொடுத்தது. அன்றில் இருந்து கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு சாதாரண லிகிதர் வேலைக்கும் எம்.பி.யின் சிபாரிசுத் துண்டு தேவைப்பட்டது. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் துண்டுக் காலத்தை நன்றாகச் சொல்வார்கள். இனப்பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது 1972ஐ மொழிக்காகவும் மதத்துக்காகவும் நினைவு கூர்கிறோம், அது சரிதான். ஆனால் மேலிடத்துக்கு மறுப்புச் சொல்லக்கூடிய உத்தியோகத்தர் என்ற இனமே அழியத் தொடங்கியதும் அப்போதுதான். அந்த இழப்பு தெற்குக்கும் வடக்குக்கும் பொது. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்து மிச்சத்தையும் முடித்தது.

பிறகு நடந்தது ஒரு இழுபறி. 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்து ஜனாதிபதியின் நியமன அதிகாரத்தைக் கட்டியது. 2010இல் 18ஆவது அவிழ்த்தது, இரண்டு தவணை என்ற எல்லையையும் நீக்கியது. 2015இல் 19ஆவது மீண்டும் கட்டியது. 2020இல் 20ஆவது மீண்டும் அவிழ்த்தது. 2022இல் 21ஆவது ஓரளவுக்குக் கட்டியது. ஒவ்வொரு முறை அவிழ்த்தபோதும் மக்களுக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: நாட்டுக்குப் பலமான தலைவர் தேவை.

2019இல் வந்த பலமான தலைவர் கோட்டாபய ராஜபக்ஷ என்ன செய்தார் என்று பார்த்தோமே. 2019 டிசெம்பரில் பெறுமதிசேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். நீர்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைக்கிற எந்தக் கமக்காரரைக் கேட்டிருந்தாலும், ஒரு போகத்துக்குள் மண்ணை இப்படி மாற்ற முடியாது என்று சொல்லியிருப்பார். விவசாய நிபுணர்களும் சொன்னார்கள். கேட்கவேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகம் கைவிட்டுப் போயிருந்தது. மத்திய வங்கி அரசுக்காகப் பணம் அச்சடித்தது. அந்த நாட்களில் அதன் நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளரே உறுப்பினர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான கோட்டாபய, மகிந்த ராஜபக்ஷ உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மண்ணெண்ணெய் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற சனத்துக்கு அந்தத் தீர்ப்பு பிந்தித்தான் வந்தது.

கடன்காரரின் பாடமா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு உண்மை. 1989இல் ஆபிரிக்கா பற்றிய உலக வங்கியின் அறிக்கை ஒன்றுக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்னர் அவர்கள் எத்தனையோ சர்வாதிகாரிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள். 2023இல் சர்வதேச நாணய நிதியம் எங்கள் நாட்டு ஊழலைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள பலவற்றை இங்குள்ளவர்கள் அதற்கு முன்பே சொல்லித் தொண்டை வற்றியிருந்தார்கள். யார் சொன்னார்கள் என்பதற்காக ஒரு நல்ல விஷயத்தைத் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் போன பிறகும் கணக்கு எங்களுக்குத் தேவை.

கடைசிக் கேள்விதான் எனக்கு நெருக்கமானது. அதிகாரம் இல்லை என்பது உண்மை. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்க 2013 செப்டெம்பர் வரை காத்திருந்தோம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு இன்னொரு மாகாணத் தேர்தல் நடக்கவே இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். 2021இல் யாழ். மாநகர சபை, தெருவில் குப்பை போடுவோரைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைத்துச் சீருடை கொடுத்தது. அந்தச் சீருடையின் நிறம் விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடை போல இருக்கிறது என்று மாநகர முதல்வரையே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்தார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட ஒரு சபைகூட எங்களுக்கு இருக்கவில்லை. இதையெல்லாம் பேசாமல் "முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்குங்கள், பிறகு உரிமை கேட்கலாம்" என்று எங்களிடம் சொல்பவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் இருந்த அதிகாரத்தை வைத்து நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். மாகாண சபை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. சபை இயற்றும் சட்டங்களான நியதிச்சட்டங்கள் மிகக் குறைவு. மத்திய அரசு தடையாக நின்றது ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. 2016இல் முதலமைச்சர் தன் அமைச்சர்கள்மீது வந்த முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு குழு அமைத்தார். இந்த நாட்டில் அபூர்வமான காரியம் அது, அதை நான் மனதார மதிக்கிறேன். அடுத்த ஆண்டு அறிக்கை வந்து இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகக் கேட்டபோது, பேச்சு அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதில் நிற்கவில்லை. யார் யாருடைய ஆள் என்பதாக மாறி, நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை போனது. தெருவில் ஊர்வலம் போனவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையை வாசித்திருப்பார்கள்? மாநகர சபையும் அப்படித்தான். 2018இல் தெரிவான சபை, ஒரே பதவிக்காலத்துக்குள் பாதீட்டுத் தோல்விகளால் மறுபடி மறுபடி முதல்வரை மாற்றியது. பாதீட்டைத் தோற்கடிக்கலாம், அது உறுப்பினரின் உரிமை. ஆனால் எந்தச் செலவுத் தலைப்பு பிழை, எந்த வட்டாரத்துக்கு அநியாயம் என்று விவாதித்துத் தோற்கடித்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு வலிப்பது சுன்னாகம். மின்சார நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்றைத் திறந்தால் எண்ணெய் மணக்கிறது என்று சனம் முறையிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் உயிர். ஒரு கிணற்றில் விழுந்தது அந்தக் கிணற்றோடு நிற்காது. 2014, 2015 காலத்தில் போராட்டங்கள் நடந்தன, பவுசரில் தண்ணீர் வந்தது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்று சொன்னது. எங்கள் சொந்தச் சபை, எங்கள் சொந்த வாக்கால் வந்த சபை. கடைசியில் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றாடல் ஆர்வலர், கலாநிதி ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதிப்படி, மின் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மேற்பார்வை செய்யவேண்டியவர்கள் கடமை தவறியதும் அந்த வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு சுவரைக்கூட அனுமதி இல்லாமல் கட்டவிடாத எங்கள் நிருவாகம், ஒரு மின்நிலையத்திடம் "கழிவெண்ணெய் எங்கே போகிறது?" என்று நேரத்தோடு கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கக் கொழும்பின் அதிகாரப் பரவலாக்கம் தேவையில்லை. கேள்வி கேட்கிற பழக்கமும், கேட்ட உத்தியோகத்தருக்குப் பின்னால் நிற்கிற ஒரு தவிசாளரும் இருந்தால் போதும்.

அந்தப் பின்னால் நிற்பது எவ்வளவு அரிது என்பதை நான் உள்ளே இருந்து கண்டிருக்கிறேன். ஒரு பிரதேச சபையில் வீதி ஒன்றுக்குப் போட்ட கல்லின் தடிப்பு ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் குறைவு என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒப்பமிட மறுத்தார். இளம் பிள்ளை, நேர்மையானவர். ஒப்பந்தகாரருக்குச் சபையில் வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். சில மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்து வந்தவர் ஒப்பமிட்டார். அந்த வீதி முதல் மாரியிலேயே கிளம்பிவிட்டது. கட்சிப் பேதம் இல்லாமல் எல்லா நிறச் சபைகளிலும் இது நடந்திருக்கிறது. இடமாற்றக் கடிதம் வந்த அன்று சபையில் ஓர் உறுப்பினராவது எழுந்து "ஏன்?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

எங்கள் மண்ணில் நல்ல முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. யாழ். பொது நூலகம் 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களோடு தொடங்கியது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து வாடகை அறைக்குக் கொண்டுபோனார்கள். நகரசபை பொறுப்பேற்றது. 1959இல் கட்டடம் திறந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டதை உலகம் அறியும், ஆனால் அதைக் கட்டியெழுப்பியது ஓர் உள்ளூராட்சிச் சபையும் சாதாரணச் சனமும் என்பதை நாங்களே சொல்ல மறக்கிறோம். மூளாயில் 1930களில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே நடத்தினார்கள். கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் ஒரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிற ஆட்கள் அப்போது இருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு பாடமும் உண்டு. 1931இல் முழுச் சுயராச்சியம் இல்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசுச் சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற கொள்கைப் பிடிப்புள்ள ஆசிரியர்களின் இயக்கம் அது. சாதிக்கும் இனவாதத்துக்கும் எதிராக அந்தக் காலத்திலேயே நின்றவர்கள், அவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. ஆனால் வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. புதிய நிருவாக முறையின் அத்திவாரம் போட்ட ஆண்டுகளில் எங்கள் குரல் சபையில் இல்லை. கிடைத்தது போதாது என்பதற்காகக் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விடுவது எங்களுக்குப் பழைய வழக்கம், அதற்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம்.

ஆகவே தம்பி, யாழ். மாவட்டத்தில் மாநகர சபை, நகர சபைகள், பிரதேச சபைகள் என்று 17 சபைகள் இப்போது உயிரோடு இருக்கின்றன. பிரதேச சபைகள் சட்டத்தின்படி உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சபையின் குழுக்களில் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை சபைகள் அப்படிச் செய்திருக்கின்றன என்று விசாரியுங்கள். 25 வீத ஒதுக்கீட்டால் 2018இல் இருந்து பெண்கள் கணிசமாக உள்ளே வந்திருக்கிறார்கள். நான் சபைகளில் கேட்ட கூர்மையான கேள்விகள் பலவற்றைக் கேட்டவர்கள் அவர்கள்தான், தண்ணீரும் குப்பையும் தெருவிளக்கும் யாருடைய தலையில் விடிகிறது என்பதால். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர்ச் சபைகளுக்குக் கொடுத்து, கிராம சபைகளில் சனத்தை இருத்தி முன்னுரிமை கேட்டார்கள். எங்களிடம் அந்த நிதி இல்லை. சனத்தை இருத்திக் கேட்பதற்கு நிதி வேண்டாம்.

உங்களுக்கு அரசறிவியலில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்குமே, அதற்கு ஒரு வேலை சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் சோலைவரியாக எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது? எந்த வீதி வேலைகள் யாருக்கு, என்ன தொகைக்குக் கொடுக்கப்பட்டன? கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் வந்த ஆட்சேபங்களுக்குச் சபை என்ன பதில் எழுதியது? தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் எத்தனை பேர், எப்போது, என்ன காரணத்துக்காக இடமாற்றப்பட்டார்கள்? முக்கியமாக இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதில் வந்ததும், அல்லது வராமல் விட்டதும், எனக்கும் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீடுகள் டிசெம்பருக்குள் சபைகளுக்கு வரும், அதற்கு முன் சேர்ந்து இருந்து பார்ப்போம்.